பிரியும்போது கேட்கும் படிவத்தைச் சேரும்போதே நிரப்பிவிடுங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் ஐ.டி. வேலை. வீட்டுக்கு ஒரே பெண். மூன்று வருடத்துக்கு முன்பு வங்கிக் கடனில் என் பெயரில் ஒரு பிளாட் வாங்கினேன். அப்பா, அம்மா அதில்தான் இருக்கிறார்கள். எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது, தையில் கல்யாணம். அவருக்கு 32. திருப்பூரில் அண்ணனுடன் கூட்டாகத் துணி பிரிண்டிங் யூனிட் நடத்துகிறார். மாத வருமானம் என்று பார்த்தால் எனக்குத்தான் கொஞ்சம் அதிகம். அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா மகள், "கல்யாணத்துக்கு முன்னாடியே ப்ரீநப் போட்டுக்கோ" என்கிறாள். பிரிந்தால் யாருக்கு என்ன என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமாம் அது. அதை அவரிடம் சொன்னேன். "பிரிஞ்சு போறதுக்கு இப்பவே ஏற்பாடா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் போனே எடுக்கவில்லை. நடுவில் அவருடைய மாமா ஒருவர், "பிளாட்டை ரெண்டு பேர் பேருக்கும் மாத்திட்டா பிரச்சினையே இல்லையே" என்றாராம். இப்படி ஓர் ஒப்பந்தம் நம் ஊரில் செல்லுமா? எழுதுவதென்றால் அதற்கு முன் நாங்கள் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சின்ன விஷயம், சீக்கிரம் முடிந்துவிடும்.

இந்து திருமணச் சட்டம் 1955-இன் கீழ் கல்யாணம் செய்துகொள்ளும் உங்களைப் போன்றவர்களுக்கு, ப்ரீநப் எழுதினால் அது கட்டுப்படுத்தும் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் கிடையாது. எழுதக் கூடாது என்றும் சட்டம் இல்லை. ஆனால் பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இந்தக் கல்லில்தான் தடுக்கி விழுகின்றன. 1901-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே, "மாமியார் வீட்டோடேயே இருந்துவிடுகிறேன், மனைவியை அங்கிருந்து அழைத்துப் போக மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார் ஒரு மாப்பிள்ளை. பின்னால் மனசு மாறி மனைவியைக் கூப்பிட்டார். பெண் வீட்டார் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். அது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அடிப்படைப் பார்வை இன்னும் பெரிதாக மாறவில்லை.

வக்கீல் என்று என்னிடம் வருகிறவர்கள் எழுதச் சொல்வது பெரும்பாலும் மூன்று வரிதான். ஜீவனாம்சம் கேட்க மாட்டேன். பிரிந்தால் இத்தனை லட்சம் தருவேன். குழந்தை என்னிடம்தான் இருக்கும். சரியாக இந்த மூன்றுதான் நிற்காது. "எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம்" என்று இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், நாளை வழியில்லாமல் நிற்கும்போது கேட்கும் உரிமையை அது பறிக்காது. அந்த உரிமையைத் தருவது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்றிருந்தது, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. குழந்தை விஷயத்தில் அப்பா அம்மா எழுதிக்கொண்டதை விடக் குழந்தையின் நலனைத்தான் நீதிமன்றம் பார்க்கும். இன்னும் பிறக்காத குழந்தைக்கு இப்போதே பாகம் பிரிப்பதில் அர்த்தமும் இல்லை. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி சீல் வைத்துவிட்டால் எல்லாம் சட்டமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. செல்லாத ஒன்றை முத்திரைத்தாள் செல்ல வைக்காது.

உங்கள் பெரியம்மா மகள் சொன்னதில் தப்பில்லை. அவர் இருக்கும் ஊரில் அது வழக்கம். நம் நாட்டுக்குள்ளேயே கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்து சிவில் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதால், கல்யாணத்துக்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். எழுதாமல் விட்டால் இருவர் சொத்தும் பொதுச் சொத்தாகிவிடும். கிறிஸ்தவர்களின் விவாகரத்துச் சட்டத்தில் திருமணத்துக்கு முந்தைய சொத்து ஏற்பாடுகளை நீதிமன்றம் விசாரித்துப் பார்க்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. முஸ்லிம்களின் திருமண ஒப்பந்தமான நிக்காஹ்நாமாவில் மஹரும் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) நிபந்தனைகளும் எழுதும் வழக்கம் பழையது. உங்களுக்கு இவை எதுவும் பொருந்தாது.

அப்படியென்றால் ப்ரீநப் பேச்சையே விட்டுவிடலாமா? விடாதீர்கள். அந்தக் காகிதம் செய்யும் என்று நீங்கள் நினைக்கும் வேலையில் முக்கால்வாசியைச் செய்ய நம் ஊரில் வேறு நாலைந்து காகிதங்கள் இருக்கின்றன. அவற்றை எழுத வேண்டுமென்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். எதில் ஆரம்பிப்பது என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பிரமாணப் பத்திரப் படிவத்தைக் கொடுத்தது. ஜீவனாம்ச வழக்கு நாடு முழுவதும் எங்கே நடந்தாலும் கணவன், மனைவி இருவரும் அதை நிரப்பித் தர வேண்டும். என்ன வேலை, என்ன வருமானம், மாதம் என்ன செலவு, யார் யாரைக் காப்பாற்றுகிறீர்கள், அவர்களுக்குச் சொந்த வருமானம் உண்டா, வீடு, நிலம், நகை, வங்கிக் கணக்கு, எங்கெங்கே எவ்வளவு கடன், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆறு வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவருக்கு எல்.ஐ.சி. பாலிசி எத்தனை என்பதை அந்தப் படிவத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த 22 வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றும் ஒரே யோசனை இதுதான்: பிரியும்போது கேட்கும் அந்தப் படிவத்தைச் சேரும்போதே நிரப்பிவிடுங்கள். யாரிடமும் தாக்கல் செய்ய வேண்டாம். நீங்கள் ஒன்று எழுதுங்கள், அவர் ஒன்று எழுதட்டும், மாற்றிக்கொண்டு படியுங்கள். நீதிமன்றத் தீர்ப்பு என்பதால் அது எல்லோருக்கும் கிடைக்கும்.

ஒருமுறை ஒரு ஜோடி இதற்காகவே என் ஆபீசுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, கடன் பகுதியை மட்டும் முதலில் எழுதுங்கள் என்றேன். அந்தப் பையன் "பைக் லோன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தான். அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். கல்விக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, தோழிக்குத் தர வேண்டிய எட்டாயிரம். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் பேனாவைத் திரும்பத் திறந்தான். "சீட்டு எடுத்தாச்சு, இன்னும் 14 மாசம் கட்டணும்." கீழே, "அக்கா கல்யாணத்துக்குச் சித்தப்பாகிட்ட கைமாத்து." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நண்பனுக்கு ஜாமீன்." தாளின் பின்பக்கம் வரை போனது. அவள் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஜாமீன் போட்ட ஃபிரண்டு கட்டறாரா?" கட்டுகிறாரா என்பது அவனுக்கே தெரியவில்லை. அங்கேயே போன் போட்டான். கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

நம் ஊரில் கடன் என்றால் வங்கிக் கடனை மட்டும் நினைக்கிறோம். எடுத்த சீட்டும் கடன்தான். கைமாத்தும், அடகுக் கடையில் இருக்கும் நகையும், போட்ட ஜாமீனும் கடன்தான்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்க வேண்டியது, அவருடைய யூனிட் என்ன வகை என்பது. தனி உரிமையா, கூட்டு நிறுவனமா, கம்பெனியா? அண்ணனோடு கூட்டு என்கிறீர்கள். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. யூனிட் பேரில் அண்ணன் வாங்கும் கடன் உங்களவர் தலையிலும் முழுசாக ஏறும். அதற்காக மனைவி தலையில் ஏறாது. கணவரின் தொழில் கடனுக்கு மனைவி தானாகப் பொறுப்பாக மாட்டார். மனைவி கையெழுத்துப் போட்டால்தான் வினை. ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன்) வரம்பைக் கூட்ட வங்கிக்குப் போவார்கள். மேனேஜர், "வீட்டம்மா சம்பளக்காரங்கதானே, கேரண்டருக்கு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்பார். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு அப்புறம் என்னிடம் வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது. உங்கள் பிளாட்டின் பத்திரத்தையும் சேர்த்து வைத்துவிட்டால், தவணை தவறும்போது நோட்டீஸ் உங்கள் அப்பா அம்மா இருக்கும் வீட்டு வாசலில் ஒட்டப்படும்.

கையெழுத்தே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொழில் செய்யும் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் தாங்கத்தான் வேண்டும். எது வரை என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். "சம்பளத்திலிருந்து நெருக்கடிக்கு உதவுவேன். அப்பா அம்மா இருக்கும் வீட்டை அடமானத்துக்குத் தர மாட்டேன்" என்று இப்போது சொன்னால் அது ஒரு தகவல். மூன்று வருடம் கழித்து மேனேஜர் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னால் சண்டை.

பிளாட்டுக்கு வருகிறேன். மாமா சொன்னது எனக்கும் கொஞ்சம் நெருடுகிறது. அவர் வெள்ளந்தியாகக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணத்தை ஒட்டி ஒரு தரப்பு மற்றவருக்குச் சொத்து கொடுப்பதோ, கொடுக்கச் சம்மதிப்பதோ 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் வரையறைக்குள் வரும். அப்படி ஓர் ஒப்பந்தம் எழுதினாலும் அது செல்லாது. கொடுப்பதும் வாங்குவதும் கேட்பதும் தண்டனைக்குரியவை. ஆகவே ப்ரீநப் என்ற பெயரில் "பெண் தன் பிளாட்டில் பாதி தருகிறாள்" என்று எந்தக் காகிதத்திலும் ஒரு வரியும் வரக் கூடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்து கொடுத்த பங்கை நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. கோவா போன்ற ஓரிரு இடங்கள் தவிர நம் நாட்டில் கல்யாணம் ஆனதால் மட்டும் ஒருவர் சொத்து மற்றவர் சொத்தாகிவிடுவதில்லை. பிளாட் உங்கள் பெயரில் இருக்கிறது, அது உங்களுடையது. மாத்துவதற்கு அவசரமே இல்லை.

ஆனால் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு அந்த பிளாட்டின் இ.எம்.ஐ.யை யார் கட்டப் போகிறீர்கள்? உங்கள் சம்பளம் முழுக்க இ.எம்.ஐ.க்குப் போய், வீட்டுச் செலவை எல்லாம் அவர் பார்த்தால், பத்து வருடம் கழித்து "அவள் வீட்டை நான்தான் கட்டிக் கொடுத்தேன்" என்று அவருக்குத் தோன்றும். அதில் நியாயமும் இருக்கும். நான் பார்த்த சொத்துத் தகராறுகளில் பாதி இப்படிப்பட்டவை. பத்திரம் ஒருவர் பெயரில், பணம் இன்னொருவர் கணக்கிலிருந்து, பேசிக்கொண்டது எதுவும் எழுத்தில் இல்லை. அவர் ஒரு ரூபாய் போட்டாலும் வங்கி வழியாகப் போடட்டும். அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று அன்றைக்கே ஒரு மெயிலில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து ஏதாவது வாங்கினால் கிரயப் பத்திரத்திலேயே யாருக்கு எத்தனை பங்கு என்று போட்டுவிடலாம். ப்ரீநப்பை விட அது பலமான காகிதம்.

ப்ரீநப் என்றால் எல்லோருக்கும் விவாகரத்துதான் ஞாபகம் வருகிறது. சாவு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கல்யாணப் பேச்சில் இதை எடுக்கிறேனே என்று கோபிக்காதீர்கள். உயில் எழுதாமல், குழந்தையும் இல்லாமல் நாளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், உங்கள் சம்பாத்தியத்தில் வாங்கிய அந்த பிளாட் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி உங்கள் கணவருக்குப் போகும். அவரும் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுக்கு. உங்கள் அப்பா அம்மா அந்த வரிசையில் அதற்கும் பின்னால்தான் வருகிறார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்த பெண். புகுந்த வீட்டில் விரட்டிவிட்டார்கள். தாய் வீட்டுக்கு வந்து, படித்து, வேலைக்குப் போய், சம்பாதித்துச் சேர்த்து, உயில் எழுதாமல் இறந்துபோனார். அவர் சேர்த்ததெல்லாம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காத புகுந்த வீட்டு வாரிசுகளுக்கே போனது. பரிதாபத்துக்காகச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது தீர்ப்பு.

இதற்கு மருந்து ஒரு உயில். வெள்ளைத்தாளில் எழுதி, நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்துகொண்டால் நல்லது. "என் பெற்றோர் இருவரும் அவரவர் ஆயுள் வரை பிளாட்டில் இருக்கலாம், அதன் பிறகு கணவருக்கும் குழந்தைகளுக்கும்" என்று எழுதலாம். அவர் பக்கத்தையும் பேசுங்கள். அவர் உயில் இல்லாமல் போனால் அவருடைய அம்மாவும், நீங்களும், குழந்தைகளும் சம பங்கு வாரிசுகள். அண்ணனோடு இருக்கும் யூனிட்டில் அந்தப் பங்கை எப்படிக் கணக்கெடுப்பார்கள் என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் எழுதியிருக்காது. அப்படியே பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் நாமினியையும் கல்யாணம் ஆனதும் புதுப்பித்துவிடுங்கள். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், வாரிசு ஆகிவிட மாட்டார் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்பா அம்மா. நீங்கள் இதைக் கடிதத்தில் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆனால் "வீட்டுக்கு ஒரே பெண்" என்று மூன்றாவது வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். பையன் தன் பெற்றோருக்குப் பணம் தருவதை யாரும் ஓர் ஏற்பாடாகவே நினைப்பதில்லை, அது இயல்பு. பெண் தந்தால் மட்டும் "அனுமதி" என்ற சொல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டமும் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. அதனால் அனுமதி கேட்காதீர்கள். "மாதம் இவ்வளவு அவர்களுக்குப் போகும், மருத்துவச் செலவு வந்தால் கூடும், இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும் நிலை வந்தால் நம்மோடு இருப்பார்" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்துக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதே கேள்வியை அவருடைய அம்மாவுக்கும் போட்டு நீங்களும் பதில் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல் இருந்தால் மற்றதெல்லாம் பேசித் தீரும்.

உங்கள் சம்பளம் அதிகம் என்பதால் இன்னொரு தகவல். இந்து திருமணச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகளில் கணவரும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அபூர்வம்தான், ஆனால் சட்டத்தில் இடமிருக்கிறது.

குழந்தை எப்போது, வேலையை யார் கொஞ்ச நாள் விடுவது, கோவையா திருப்பூரா, தனிக்குடித்தனமா கூட்டா, இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே பேசியிருப்பீர்கள். பேசாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழந்தைக்காக நீங்கள் இரண்டு வருடம் வீட்டில் இருந்தால், அந்த 24 மாத பிளாட் இ.எம்.ஐ. எங்கிருந்து வரும்?

இனி அவரிடம் எப்படிப் பேசுவது என்பது. "பிரிஞ்சு போறதுக்கு இப்பவே ஏற்பாடா" என்று அவர் கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ப்ரீநப் என்ற சொல்லை நாம் எல்லோரும் கேட்டதே ஏதோ ஒரு நட்சத்திர விவாகரத்துச் செய்தியில்தான். அந்தச் சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். மாமா, பெரியம்மா மகள் இரண்டு பேரையும் ஒதுக்கி வையுங்கள். இருவர் மட்டும் உட்காருங்கள், போனில் வேண்டாம். முதலில் உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். "என் ஹவுசிங் லோன் ஸ்டேட்மென்ட் இது, இன்னும் இத்தனை வருஷம் இருக்கு. இதைத் தெரியாம நீங்க என்னைக் கட்டிக்கக் கூடாதுன்னு நினைக்கறேன்" என்று ஆரம்பித்தால், அடுத்தது அவர் கணக்கை எடுப்பதுதான் இயல்பு. எடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் விடுங்கள். மூன்று முறை கேட்டும் "அதெல்லாம் அண்ணன் பாத்துக்குவார்" என்பதே பதிலாக இருந்தால், அண்ணன் என்ன பார்க்கிறார் என்பது தெரியாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்காதீர்கள். அவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

பேசி முடித்த பிறகும் ஒரு காகிதம் வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால் எழுதுங்கள், தடையில்லை. அதில் விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை மூன்றையும் எழுத வேண்டாம். இன்றைய தேதியில் யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கடன், பிளாட்டுக்கு இதுவரை யார் எவ்வளவு கட்டினார்கள், ஒருவர் தொழில் கடனுக்கு மற்றவர் ஜாமீன் போட வேண்டிய கட்டாயம் இல்லை, இவ்வளவு போதும். நாளை ஏதாவது வழக்கு வந்தால் நீதிமன்றம் இதை ஒப்பந்தமாக அமல்படுத்தும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இந்தத் தேதியில் இது இவருடையது என்று இருவரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியமாக மதிப்பு உண்டு. இருவருக்கும் தனித்தனி வக்கீல் பார்ப்பது நல்லது. உங்களுக்கு எழுதித் தருபவரே அவருக்கும் விளக்கிச் சொன்னால், பின்னால் "எனக்குச் சரியாச் சொல்லலை, வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினாங்க" என்று எழும். பந்தக்கால் நட்ட பிறகு எந்தக் காகிதத்திலும் கையெழுத்து கேட்கவும் கூடாது, போடவும் கூடாது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது. முதல் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நகையைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அது கல்யாணத்தன்று செய்யும் வேலை. பெண்ணுக்குப் போட்ட நகையும் பெண்ணுக்கு வந்த பரிசும் பெண்ணுடைய தனிச் சொத்து. பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியார் பீரோவில் வைத்தாலும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 1985-இல் சொன்னது, 2024-இல் திரும்பவும் சொன்னது. சொத்து யாருடையது என்பதில் சிக்கல் இல்லை. எவ்வளவு என்பதில்தான் எல்லா வழக்கும் மாட்டுகிறது. சாட்சிக் கூண்டில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். "எத்தனை பவுன் போட்டீங்க?" "அறுபது." "பில் இருக்கா?" இருந்தது, 38 பவுனுக்கு. மீதி? "என் கல்யாண நகையை அழிச்சுச் செஞ்சது, மாங்கா மாலை, ஒட்டியாணம், அதுக்கெல்லாம் எங்க பில்லு?" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் மேற்கொண்டு ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். 22 பவுன் அந்த ஒரு கேள்வியில் காணாமல் போனது. கல்யாண ஆல்பத்தில் அந்த ஒட்டியாணம் பட்டுப்புடவை மடிப்புக்குள் பாதிதான் தெரிந்தது.

வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகள் இதற்காகவே ஒரு பட்டியல் எழுதச் சொல்கின்றன. கேட்காமல் வந்த பரிசுகளுக்குத்தான் அந்தப் பட்டியல். பெண்ணுக்கு வந்தது தனி, மாப்பிள்ளைக்கு வந்தது தனி. என்ன பொருள், உத்தேச மதிப்பு என்ன, யார் கொடுத்தது, அவர் என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். சட்டத்தில் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. நம் ஊரில் இது புதுப் பழக்கமும் இல்லை. மண்டப வாசலில் மேஜை போட்டு, ஊர், பெயர், தொகை என்று மொய் எழுதி, ராத்திரி கூட்டிப் பார்த்துக் கட்டி வைக்கிறோமே, அதே வேலைதான். உங்கள் கல்யாணத்தில் மொய் எழுத உட்காரும் உறவுக்காரரிடமே இன்னொரு நோட்டையும் கொடுத்துவிடுங்கள். கணக்கு முடித்ததும் நகைகளை வெள்ளைத் துணியில் பரப்பி ஒரு போட்டோ, பட்டியல் இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. ஒன்று உங்கள் அம்மாவிடம் இருக்கட்டும், இன்னொன்று அவருடைய அம்மாவிடம்.